ஈரத்தோல் ஷெட்டில் ரெஹானா எடுத்த ரீடிங்

ரெஹானா. ஏய் ரெஹானா. உன்ன பேர் சொல்லி கூப்ட்டு ஏழு மாசம் ஆச்சி. நீ உசுரோட இருந்தப்பவே கடைசி ஒன்பது நாளு நான் உன்ன கூப்டல, அதையும் சேத்துக்கோ. நீ எழுதுன ரீடிங் பொய்யின்னு சொன்னாங்கடி. நீ இல்லாதப்போ சொன்னாங்க. இருந்திருந்தா எவனுக்கும் வாய் வந்திருக்காது. அதனால நான் பேசினேன். இன்னா பேசினேன்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்.

இனிமே மத்தவங்களுக்கு சொல்றேன். என் பேரு கௌரி, பேரணாம்பட்டு பக்கம். எட்டாவதோட நின்னுட்டு பீடி சுத்தினேன். அப்றம் மூணு வருஷம் ஒரு யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில வேல செஞ்சேன். எங்க தெருவுல இத சொன்னா, "பெருக்குற வேலையாடி?"ன்னு கேப்பாங்க. இல்ல. வருஷா வருஷம் வெயில் ஏறிக்கிட்டே போவுதில்ல, அந்தச் சூட்ல வேல செய்யிறவங்க ஒடம்பு எவ்ளோ தாங்குதுன்னு அளக்குற ஆராய்ச்சி. தோல் ஷெட்டு, ஷூ கம்பெனி, பீடி சுத்துற வூடு, செங்கல் சூள, எல்லா எடமும் அளந்தோம். படிச்சவங்க கம்ப்யூட்டர்ல கோடு போட்டாங்க. அளந்தது நானும் ரெஹானாவும். அவ வாணியம்பாடி, நான் பேரணாம்பட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு.

இப்போ நான் ரிட்டயர்டு. இருவத்தஞ்சு வயசுல ரிட்டயர்டு. சிரிக்காதீங்க, எங்க வேலையே ரிட்டயர் ஆயிடுச்சி. இப்பல்லாம் செவுத்துல ஒரு சின்ன வெள்ள டப்பாவ ஒட்டிட்டு போயிட்றாங்க. அதுவே அளக்குது, அதுவே அனுப்பிக்குது. அத ஒட்ட ரெண்டு புதுப் பொண்ணுங்க சேந்துருக்காங்க. ஒருத்தி போன் போட்டு, "அக்கா, முன்ன எல்லாம் கையால எடுப்பீங்களாமே? எப்டிக்கா? எழுதி அனுப்புங்களேன்"னு கேட்டா. எழுதுறேன்மா. ஆனா நீ கேட்டத மட்டும் எழுத மாட்டேன்.

ட்ரெய்னிங் மூணே நாளு. மொத நாளு மெஷின காட்டினாங்க, ரெண்டாவது நாளு தொட வுட்டாங்க, மூணாவது நாளு வெயில்ல தள்ளிட்டாங்க. அவ்ளோதான்.

மெஷினுன்னா பெருசா எதுவும் இல்ல. மூணு கால் ஸ்டாண்டு. அதுல மூணு தர்மாமீட்டரு. ஒண்ணு சும்மா காத்துல தொங்கும். ஒண்ணு கறுப்பு பெயிண்ட் அடிச்ச செம்பு உருண்டைக்குள்ள இருக்கும், கூரையில இருந்தும் செவுத்துல இருந்தும் அடிக்கிற சூட்ட அது வாங்கிக்கும். மூணாவதுக்கு கீழ ஒரு பருத்தித் துணித் திரி சுத்தியிருக்கும். அந்தத் திரி ஒரு குட்டிக் கிண்ணத்துல இருக்கிற தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கணும். ஏன்னா மனுஷன் வேர்வ காஞ்சாத்தான் ஒடம்பு குளுரும். திரியில தண்ணி காய்ற மாதிரிதான் நம்ம வேர்வையும் காயும். திரி நல்லா குளுந்தா பொழைச்சோம். திரியே குளுரலன்னா அந்த எடத்துல வேர்த்தும் பிரயோசனம் இல்ல, சூடு உள்ளயே நிக்கும். இத எனக்கு எங்க ஆராய்ச்சி மேடம் ஒரு மணி நேரம் சொல்லி புரியல. ரெஹானா ஒரு வரியில சொன்னா: "மண்பானைக்கு காத்து படலன்னா தண்ணி சில்லுன்னு இருக்குமா?" புரிஞ்சிடுச்சி.

திரிய வெரலால தொடக் கூடாது, கையில எண்ண இருக்கும். தண்ணி, வண்டி பேட்டரிக்கு ஊத்துறாங்களே அந்த டிஸ்டில் வாட்டர்தான். வேற எந்தத் தண்ணியும் கூடாது. ஸ்டாண்ட, வேல செய்யிறவங்க நெஞ்சு ஒசரத்துக்கு நிறுத்தணும். நம்ம மூச்சு படக் கூடாது, நெழல் வுழக் கூடாது. வேல நடக்குறப்போதான் எடுக்கணும், காலி எடத்துல எடுத்தா செல்லாது. உருண்ட சூடாகி ஒரு நெலைக்கு வர இருவத்தஞ்சு நிமிஷம் ஆவும், அதுக்கு முன்ன எட்டிக் கூட பாக்கக் கூடாது. ரெஹானா அந்த உருண்டைக்கு மாமியாருன்னு பேர் வெச்சிருந்தா. "மூஞ்சி எப்பவும் கறுப்பு, மனசுல இருக்கிறத சொல்ல அர மணி நேரம். மாமியாரேதான்."

அப்றம் ரெண்டு பேரும் தனித்தனியா பாத்து, ஒருத்தி எழுதினத இன்னொருத்திக்கு காட்டாம நோட்டுல ஆளுக்கு ஒண்ணா கோடு போட்ட காலம் இருக்கும், அவங்கவங்க காலத்துல எழுதணும். தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும், கீழ இருக்கிறது தெரியணும், ஏன் அடிச்சோம்னு பக்கத்துல காரணம் எழுதி கையெழுத்து போடணும். வெள்ள மை தடவினா வேல காலி.

போற எடத்துல கிண்டலுக்கு குறைச்சலே இல்ல. "பாப்பா, பந்து வெளாட வந்தியா?" "உருண்டைக்குள்ள சோறு வேவுதா?" ஆம்பூர் பக்கம் ஒரு ஷெட்ல தனம்னு ஒரு அக்கா இருந்தாங்க, வாய்னா வாய். "சூடு எவ்ளோன்னு இந்தக் குண்டு சொல்லணுமா? என் பாவாடையப் புழிஞ்சி தர்றேன், லிட்டர் கணக்குல எழுதிக்கோ." ரெஹானா உடனே, "குடுங்கக்கா, டிஸ்டில் வாட்டர் தீந்துடுச்சி"ன்னா. மொத்த ஷெட்டும் சிரிச்சிது. அன்னைல இருந்து எங்கள யாரும் வெரட்டல.

எங்களுக்கு மேல சாருமதி மேடம். டாக்டர், ஆனா ஊசி போடுற டாக்டரு இல்ல. வாட்ச்மேனக் கூட நீங்க வாங்கன்னுதான் பேசுவாங்க. சத்தமே போட மாட்டாங்க, அதுதான் பயம். "ரொம்ப சூடா இருந்துச்சி மேடம்"னு சொன்னா, "ரொம்பன்னா எவ்ளோ?"ம்பாங்க. "எல்லாருக்கும் தலவலி மேடம்"னா, "எல்லாருன்னா எத்தன பேரு? நீங்க கேட்டீங்களா, அவங்களா சொன்னாங்களா?" வெள்ளிக்கெழம நோட்டு அவங்க மேசைக்கு போவும். சந்தேகம் இருந்தா திட்ட மாட்டாங்க. ஓரத்துல பென்சில்ல சின்னதா ஒரு கேள்விக்குறி போட்டு வெப்பாங்க. அதுக்கு பக்கத்துல, யாரு ரீடிங் எடுத்தாங்களோ அவங்க பேனாவுல பதில் எழுதணும். அந்தக் கேள்விக்குறியப் பாத்தா நான் நோட்ட மூடி வெச்சிடுவேன். ரெஹானா மட்டும் கெத்தா, "கேக்கட்டும்டி, கேட்டாத்தான நம்ம ரீடிங் உறுதியா நிக்கும்"பா.

நல்லவங்கதான் மேடம். இத நான் கோவத்துலயும் சொல்வேன்.

இப்போ என் தப்ப சொல்றேன்.

பேரணாம்பட்டுல ஒரு ஷூ யூனிட்டு. பஸ்ல போறப்போ டிஸ்டில் வாட்டர் பாட்டில் மூடி கழண்டு பை முழுக்க கொட்டிடுச்சி. அது என் பொறுப்பு. ரெஹானா மேனேஜர்கிட்ட பேசிட்டு இருந்தா. நான் கொழாயில புடிச்சி கிண்ணத்துல ஊத்திட்டேன். தண்ணி தண்ணிதானன்னு நெனச்சேன். எங்க ஊரு போர் தண்ணி எப்டின்னு உங்களுக்கே தெரியும், கொடத்துல ரெண்டு நாளு வெச்சா அடியில வெள்ளையா படியும். அந்தச் சூட்டுல தண்ணி மட்டும் காஞ்சி போவுது, உப்பு திரியிலயே நின்னுக்குது. மத்தியானத்துக்குள்ள பழைய செவுரு மாதிரி திரி பூத்துடுச்சி.

ரெஹானா குனிஞ்சி பாத்தா. "இன்னாடி இது, உப்பு பூத்துருக்கு?"

"போர் தண்ணி ஊத்திட்டேன்."

"எப்போ?"

"காலைலயே."

அவ அப்டியே தரையில குந்திட்டா. உப்பு பூத்த திரி ஒழுங்கா குளுராது, சூடு ஜாஸ்தியா காட்டும். காலைல இருந்து எடுத்தது எல்லாம் குப்ப. நான் அழுதேன். மேடத்துக்கு தெரிஞ்சா வேல போயிடும், போனா திரும்ப பீடித் தட்டுதான்னு அழுதேன். அவ நோட்ட எடுத்தா. அப்றம் அந்த நாளு ரீடிங் மொத்தத்துக்கும் ஒரே கோடு போட்டா. பக்கத்துல 'மறுபடி எடுக்கணும்'னு எழுதினா. ஏன்னு எழுதல. எனக்காக எழுதல. அடுத்த ஞாயித்துக்கெழம, அந்த யூனிட்டுக்கு ஆர்டர் அவசரம், வேல ஓடிட்டு இருந்துச்சி. எங்க லீவுலயே ரெண்டு பேரும் போய் புதுசா எடுத்தோம். அது சுத்தமான ரீடிங்கு, அதனால மேடமும் அப்போ கேள்வி போடல.

"அந்தத் திரிய தூக்கிப் போடு"ன்னா. நான் போடல. பீடி சுத்துனவளுக்கு நூலு மிச்சம் ஆனா தூக்கிப் போட கை வராது. துவச்சிக்கலாம்னு மடிச்சி மெஷின் பையோட சைடு ஜிப்புக்குள்ள வெச்சேன். மறந்துட்டேன்.

அதுக்கு அப்றம் ரெண்டு மாசம் கழிச்சி தனம் அக்கா ஷெட்டு. ஈரத்தோல காயப் போடுற ஷெட்டு அது. ஆஸ்பெஸ்டாஸ் கூர. கீழ சூட்டுக் கொழாய் ஓடும், மேல வரிச வரிசையா ஈரத்தோலு தொங்கும். காத்து அடிச்சா தோலு ஒரு பக்கம் சீக்கிரம் காஞ்சி வெறச்சிப் போவும்னு ஜன்னல சாத்தி வெச்சிருப்பாங்க. தோலு கக்குற ஈரம் பூரா உள்ளயே நிக்கும். அதுக்குள்ள பொம்பளைங்க தோல மாட்டி மாட்டி எறக்குறாங்க. பகல் பன்னண்டு மணி. மாமியார நிறுத்தி பத்து நிமிஷம் ஆயிருக்கும், எனக்கு கண்ணு இருட்டிடுச்சி. தனம் அக்காதான் என்ன இழுத்துட்டு போய் வெளிய தொட்டி ஓரமா ஒக்கார வெச்சாங்க. நான் திரும்ப உள்ள போறதுக்குள்ள ரெஹானா ரீடிங் எடுத்து முடிச்சிட்டா. மூணு தடவ எடுத்தா. என் காலத்துல 'கௌரிக்கு மயக்கம், வெளியே'ன்னு எழுதி கோடு போட்டா.

அந்த நம்பர நான் இங்க சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருக்காங்க. நாங்க மூணு வருஷத்துல எடுத்ததுலயே பெருசு. அது மட்டும் போதும்.

ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சாங்க. ரெஹானா என்கிட்ட வந்தா. "பேரணாம்பட்டு ரீடிங்குக்கு காரணம் எழுதாம கெடக்கு கௌரி. மேடத்துகிட்ட போய் சொல்லிடு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா போட்டுக் குடுத்த மாதிரி ஆவும். நீ சொன்னாத்தான் அழகு."

"பெரிய ஹாஜியார் மாதிரி பேசாத. வேல போனா நீயா சோறு போடுவ?"

அவ சிரிக்கல. நான் எது சொன்னாலும் சிரிக்கிறவ. அன்னைல இருந்து நான் பேசறத வுட்டுட்டேன். அஞ்சு நாளு பக்கத்துல பக்கத்துல நின்னு மாமியாரப் பாத்தோம், ஒரு வார்த்த கெடையாது. ஆறாவது நாளு அவ வரல. காய்ச்சல்னாங்க. அடுத்த நாளு அவ நம்பர்ல இருந்து ஒரு கால் வந்துச்சி. பாத்தேன். எடுக்கல. சும்மா கொஞ்சம் அலைய வுடுவோம்னு நெனச்சேன். டெங்கு. நாலே நாளு.

வெயில்ல சுத்தி செத்துட்டான்னு சில பேரு சொல்றாங்க. அதுவும் பொய். கொசு கடிச்சி செத்தா. அவ விஷயத்துல இனிமே எந்தப் பொய்யும் சொல்ல வுட மாட்டேன், நல்ல பொய்யா இருந்தாலும் சரி.

அவங்க வூட்ல பொம்பளைங்களோட ஒக்காந்திருந்தேன். மூஞ்ச காட்டினாங்க. அவங்க அம்மா, நானும் அம்மின்னுதான் கூப்டுவேன், என் கைய புடிச்சிக்கிட்டு, "உன் பேரத்தான்மா சொல்லிட்டே இருந்தா"ன்னாங்க. 

ஒரு மாசம் கழிச்சி மேடம் கூப்ட்டாங்க. மேசையில நோட்டு. அது பக்கத்துல ஒரு பேப்பர் மேல அந்த உப்புத் திரி. மெஷின க்ளீன் பண்ணப்போ சைடு ஜிப்புல இருந்து எடுத்துருக்காங்க.

"ஒக்காருங்க கௌரி. ரிப்போர்ட்ட டெல்லியில ஒருத்தருக்கு படிக்க அனுப்பினோம். அந்த ஈரத்தோல் ஷெட்டு ரீடிங்க அவரு நம்பல. வேலூர் வெயிலு காஞ்ச வெயிலு, அங்க திரி இவ்ளோ சூடு காட்ட வாய்ப்பே இல்ல, திரி கெட்டுப் போயிருக்கணும், இல்லன்னா அளக்காமலே ஒக்காந்த எடத்துல எழுதினதான்னு கேக்குறாரு."

"ஒக்காந்த எடத்துலயா?"

"ரெண்டாவது காலம் காலியா இருக்கு. பேரணாம்பட்டுல ஒரு நாள் பூரா காரணமே இல்லாம அடிச்சிருக்கு. பையில இந்தத் திரி. நான் என்ன நெனைக்கட்டும், சொல்லுங்க."

நோட்ட என் பக்கம் திருப்பினாங்க. அந்த ரீடிங் பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி. பதில் எழுத வேண்டியவ மண்ணுக்குள்ள இருக்கா.

ஒரு டைப் பண்ண பேப்பரும் இருந்துச்சி. அன்னைக்கு திரி பழுதா இருந்திருக்கலாம்னு நான் கையெழுத்து போடணும். போட்டா அந்த ஷெட்ட ரிப்போர்ட்ல இருந்து எடுத்துடுவாங்க, யாருக்கும் கெட்ட பேரு இல்லன்னாங்க. யாருக்கும் இல்லையா? எந்தெந்த மாதிரி எடத்துல வெயில் காலத்துல நடுவுல ரெஸ்ட் குடுக்கணும்னு அரசாங்கத்துக்கு ஒரு லிஸ்ட் போவப் போவுது. அந்த ரீடிங் போச்சின்னா ஈரத்தோல் ஷெட்டுன்ற வார்த்தையே லிஸ்ட்ல இருக்காது. தனம் அக்கா நின்னுட்டே இருக்க வேண்டியதுதான்.

ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். 'நானும் பாத்தேன் மேடம், எழுத மறந்துட்டேன்.' நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. ஆனா நான் பாக்கல. பொய் சொல்லாதவள காப்பாத்த நான் பொய் சொன்னா, அப்றம் அவளுக்கு இன்னா மரியாத?

"மேடம், அந்த உப்பு என்னுது"ன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். பாட்டில் கொட்டினது, கொழாத் தண்ணி, அழுதது, ஞாயித்துக்கெழம போனது, திரிய மடிச்சி வெச்சது. 

மேடம் திரிய பேப்பரோட மடிச்சி ஓரமா வெச்சாங்க. "சரி. பேரணாம்பட்டு புரிஞ்சிடுச்சி. ஆனா ஷெட்டுல அதே திரிய போட்டிருக்க மாட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"ரெஹானா போட மாட்டா."

"அது நம்பிக்க கௌரி. ரீடிங் இல்ல."

"அப்டீன்னா வாங்க, ரீடிங் எடுப்போம். அதே ஷெட்டு, அதே நேரம். திரிய நீங்களே மாட்டுங்க. கோடை இன்னும் முடியல."

இந்தப் பேப்பர்ல கையெழுத்து போட மாட்டேன்னும் சொன்னேன். மேடத்துகிட்ட 'மாட்டேன்'னு நான் சொன்னது அதான் மொத தடவ.

ரெண்டு நாள்ல போனோம். அந்த ஷெட்டு மேஸ்திரி சிரிச்சிக்கிட்டே வந்தாரு. "தாராளமா அளந்துக்கோங்க மேடம், உள்ள ஃப்ரீயா இருக்கு." உள்ள போனா தோலே இல்ல. நாலு ஜன்னலும் தொறந்து கெடக்கு. காத்து ஜிலுஜிலுன்னு வருது. நாங்க வர்றோம்னு லெட்டர் போட்டுட்டுதான வந்தோம்!

மேடம், "வந்தாச்சே, எடுத்துடலாமா?"ன்னாங்க.

"எடுக்கக் கூடாது மேடம்."

"ஏன்?"

"வேல நடக்குறப்போதான் எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தது யாரு? நீங்கதான? இத எடுத்தா இதுவும் ஒக்காந்த எடத்துல எழுதின மாதிரிதான்."

மேஸ்திரி மொறச்சாரு. "இன்னாம்மா, பெரிய விஞ்ஞானியா நீ?"

"ஆமா"ன்னேன். "தோலு எப்போ தொங்கும், அத சொல்லுங்க."

அவரு வாயத் தொறக்குறதுக்குள்ள வாசல்ல இருந்து தனம் அக்கா சத்தமா, "நாளான்னைக்கு! லோடு வருது, பன்னண்டு மணிக்கு மேல கூர தெரியாது!"ன்னாங்க.

நாளான்னைக்கு லெட்டர் இல்லாம போனோம். மேஸ்திரி குறுக்க நின்னாரு. மேடம் அவர்கிட்ட, "நீங்க குடுத்த அனுமதிக் கடுதாசியில தேதி போடல, இந்த மாசம்னுதான் இருக்கு. வழிய வுடுங்க"ன்னாங்க. சத்தம் போடாமதான். வழிய வுட்டுட்டாரு. எனக்கு அப்போ மேடத்த கட்டிக்கலாம் போல இருந்துச்சி.

உள்ள தோலு சொட்டிக்கிட்டு தொங்குது. புதுத் திரி பாக்கெட்ட எல்லார் கண்ணு முன்னாடியும் பிரிச்சாங்க. இடுக்கியால எடுத்து மாட்டினாங்க. புது டிஸ்டில் வாட்டர் பாட்டில், சீல அவங்களே ஒடச்சாங்க. ஸ்டாண்ட ரெஹானா நிறுத்தின எடத்துலயே நிறுத்தினேன். இருவத்தஞ்சு நிமிஷம் ஆரம்பிச்சிது.

பத்து நிமிஷத்துல மேடத்துக்கு பொடவ முதுகோட ஒட்டிடுச்சி. கண்ணாடி மங்கிப் போச்சி, தொடைக்க தொடைக்க மங்குது. "நான் ஒரு நிமிஷம் வெளிய நின்னுட்டு வரட்டுமா?"ன்னாங்க.

தனம் அக்கா தோல மாட்டிக்கிட்டே சொன்னாங்க: "நாங்க காலைல இருந்து நிக்கிறோம். அந்தக் குண்டு நிக்குது. செத்துப் போச்சே அந்தப் புள்ள, அதுவும் கடைசி வரைக்கும் இங்கதான் நின்னுச்சி. நீங்களும் நில்லுங்க மேடம்."

"நீங்க பாத்தீங்களா, அந்தப் பொண்ணு நின்னத?"

"எங்கண்ணால பாத்தேன். இவள வெளிய ஒக்கார வெச்சிட்டு திரும்பி வந்தேன். 'நீயும் வெளிய போ பாப்பா'ன்னேன். 'ரெண்டு பேரும் போய்ட்டா யாருக்கா எழுதறது'ன்னுச்சி."

இத நான் அன்னைக்குத்தான் கேக்குறேன். அவ எனக்கு சொல்லவே இல்ல.

மேடம் நின்னாங்க. இருவத்தஞ்சு நிமிஷமும் நின்னாங்க. நான் தனியா பாத்து எழுதினேன். அவங்க தனியா பாத்து எழுதினாங்க. காட்டிக்கல. அஞ்சு நிமிஷம் வுட்டு ரெண்டாவது, இன்னொரு அஞ்சு வுட்டு மூணாவது. அப்றம் ரெண்டு நோட்டையும் தோலுக்கு கீழயே பக்கத்துல பக்கத்துல வெச்சோம். என் நம்பரும் அவங்க நம்பரும் ஒண்ணு. ரெஹானா எழுதினத விட ஒரு மயிரிழ மேல.

மேல! கெட்டுப் போன திரியாம். ஒக்காந்த எடத்துல எழுதினதாம். வேலூர் வெயிலு காஞ்ச வெயிலுதாங்க டெல்லி சார். ஆனா எங்க பொம்பளைங்க வேலூர் வெயில்ல நிக்கல, சாத்தின ஜன்னலுக்குள்ள ஈரத்தோலுக்கு அடியில நிக்கிறாங்க. அத உங்க ரூம்ல இருந்து பாத்தா தெரியாது. உள்ள நின்னவளக் கேட்டாத்தான் தெரியும். உள்ள நின்னவ எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்கா.

மேடம் வெளிய வந்து கொழாயில மூஞ்சி கழுவினாங்க. "நான் முன்னயே ஒரு தடவ வந்து நின்னிருக்கணும்"னாங்க. நான் "ஆமா மேடம்"னேன். இல்ல பரவால்லன்னு சொல்லல. ஏன் சொல்லணும்?

ரெண்டு ரீடிங்கும் ரிப்போர்ட்ல போச்சி. ஷெட்டு லிஸ்ட்ல இருக்கு. அரசாங்கம் அதப் படிச்சி ரெஸ்ட் குடுக்க சொல்லுமா, சொன்னாலும் மேஸ்திரி குடுப்பாரா, எனக்கு தெரியாது. இப்போதைக்கு ஜன்னலு சாத்திதான் இருக்கு, தனம் அக்கா போன்ல சொன்னாங்க. ஆனா இனிமே யாராவது அங்க சூடே இல்லன்னு சொன்னா, எழுத்துல ஒரு பதில் இருக்கு.

என் கதைக்கு வர்றேன். வேலையே ரிட்டயர் ஆயிடுச்சின்னு மொதல்ல சொன்னேன், அது பாதிதான். வருஷா வருஷம் போடுற வேல ஆர்டர எனக்கு மறுபடி போடல. மேடம் கூப்ட்டு, "நீங்க மறைச்சீங்க கௌரி. நீங்களா சொன்னீங்க, அது பெரிய விஷயம். ஆனா மறைச்சதும் விஷயந்தான்"னாங்க. சரிதான். தப்பு என்னுது, வேல போச்சி, நான் கெஞ்சல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "திரிய மறைச்சதுக்கு நான் போறேன். ஒரு மனுஷிய நேர்ல கூட பாக்காம பொய்க்காரின்னாரே, அவரு எங்க போவாரு மேடம்?" 

புதுசா சேந்த பொண்ணுங்களே, உங்க டப்பா நல்ல டப்பாதான். மயக்கம் போடாது, சண்ட போட்டுட்டு பேசாம இருக்காது. ஆனா அதுல வந்த நம்பர எவனாவது பொய்யின்னு சொன்னா, டப்பா எழுந்து நிக்காது. நீங்கதான் நிக்கணும். தப்பு பண்ணா அன்னைக்கே எழுதிடுங்க. என்ன மாதிரி, எழுத சொன்னவ செத்தப்றம் எழுதாதீங்க.

போன வெள்ளிக்கெழம வாணியம்பாடி போனேன். அவங்க அம்மிகிட்ட ரிப்போர்ட் விஷயம் சொன்னேன். டெம்பரேச்சரு, திரி, அதெல்லாம் அவங்களுக்கு புரியல. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணுதான் கேட்டாங்க: "எம்புள்ள பொய் எழுதலல்ல?"

"இல்ல அம்மி. ஒரு எழுத்து கூட பொய் இல்ல."

"எங்க வேணாலும் போய் சொல்வியா?"

"சொல்வேன்."

அதான் சொல்லிட்டேன்.

படிக்கிறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிறேன். மசூதிக்கு போறவங்க துவாவுல அவ பேர சேத்துக்கோங்க. சர்ச்சுக்கு போறவங்க ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க. கோயிலுக்கு போறவங்க ஒரு சூடம் கொளுத்துங்க. எதுக்கும் போவாதவங்க ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கோங்க. அவ பேரு ரெஹானா. அவ இருக்கிற எடம் குளுந்து இருக்கணும்னு கேளுங்க. அவ கூப்ட்டு எடுக்காத ஒருத்திய அவ மன்னிக்கணும்னு, முடிஞ்சா அதையும் கேளுங்க.